ராகுகாலம் பார்த்து ஏறிய வள்ளம்

நாங்கள் போக நினைத்தது காட்டுக்கு. ஆனால் எங்கள் வள்ளம் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இயந்திரம் நின்றுவிட்டது. நங்கூரம் போட்டும் பிடிக்கவில்லை. ஆறு எங்களை இழுத்தது, காற்று எதிரே நின்று அறைந்தது, ஒவ்வொரு அலைக்கும் வாளி வாளியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. எனக்கும் என் கணவருக்கும் நீந்தத் தெரியாது. பதினான்கு வயது மகள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இனி முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

இதற்கெல்லாம் காரணம் நான். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். பாரிஸில் லா சப்பலில் வெள்ளிக்கிழமைக் கூட்டுப்பிரார்த்தனைக்கு வருகிற சகோதரிகளுக்கு என் குணம் ஏற்கனவே தெரியும். மரக்கறிக் கடையில் என்னிடம் முருங்கைக்காய் வாங்குகிறவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். நான் நேரம் பார்க்கிற ஆள். ராகுகாலம், எமகண்டம், மரணயோகம் எல்லாம் எழுதி குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருந்தேன். ஒருமுறை கணவருடைய விசா அட்டை புதுப்பிக்க ப்ரிபெக்ச்சர் என்கிற அரசாங்க அலுவலகத்துக்குப் போகவேண்டிய நாளில், ராகுகாலம் கழியட்டும் என்று அவரை வீட்டில் பிடித்து வைத்தேன். ப்ரிபெக்ச்சருக்கு ராகுவைத் தெரியாது. அவர்கள் தந்த ரொந்தேவு நேரம் தவறிப்போய் இன்னொன்று கிடைக்க நாலு மாதம் எடுத்தது. அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை.

போன வருடம் ஆடி மாதம், பள்ளிக்கூட விடுமுறையில், பிரெஞ்சு கயானாவுக்குப் போனோம். தென்னமெரிக்காவில் இருந்தாலும் அதுவும் பிரான்ஸ்தான், எங்களுக்குத் தனி விசா வேண்டியதில்லை. கணவரின் தம்பி அங்கே ஒரு சூப்பர்மார்க்கெட்டில் வேலை செய்கிறார். பல வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மகள் கவினிக்குக் காட்டு மிருகங்கள் என்றால் உயிர். மரத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நாள் முழுக்கத் தூங்குமே, பரெஸ்ஸோ என்று பிரெஞ்சில் சொல்கிறார்கள், அதைத் தன் கண்ணால் பார்க்கவேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாள். பாரிஸுக்கு வெளியே லா கூர்னெவில் எங்கள் ஏழாம் மாடி வீட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற மிருகம் புறா மட்டும்தான். சரி, பிள்ளை ஆசைப்படுகிறாள் என்று புறப்பட்டோம்.

அங்கே படகில் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர் ஒரு பெண். பெயர் மார்லேன். என் வயதிருக்கும், நல்ல கறுப்பு, கை இரண்டும் உலக்கை மாதிரி. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் துறைக்கு வரச் சொன்னார். ஆற்று முகத்தை முதலில் குறுக்கே கடக்கவேண்டும், பிறகு ஒரு சிற்றாற்றுக்குள் நுழைந்தால் குரங்கு, ஓணான், பரெஸ்ஸோ எல்லாம் பார்க்கலாம், ஒரு மணிக்குத் திரும்பிவிடலாம் என்றார்.

சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகுகாலம். துறையில் போய் நின்ற பிறகுதான் எனக்கு அது உறைத்தது. நான் வள்ளத்தில் கால் வைக்க மறுத்துவிட்டேன்.

கணவர் கோபப்படாத மனிதர். மெதுவாகத்தான் சொன்னார்.

"இஞ்சாரும், இப்ப பாரிஸிலை பின்னேரம் ரெண்டு மணி. ராகுகாலம் எப்பவோ முடிஞ்சுது."

"சூரியன் இஞ்சைதானே நிக்குது," என்றேன் நான். "தண்ணியிலை போற காரியம். பொறுங்கோ."

மார்லேன் தண்ணீரைக் காட்டினார், காற்றைக் காட்டினார், மணிக்கூட்டைக் காட்டினார். இப்போது ஆறு நிறைந்து கிடக்கிறது, இன்னும் கொஞ்சத்தில் கடலின் வற்றுப்பெருக்குத் திரும்பி ஆறு கடலுக்குள் இறங்கத் தொடங்கும், காற்றும் எழும்பும், அப்போது கடப்பது கஷ்டம் என்றார். கவினி எல்லாவற்றையும் எனக்குத் தமிழில் திருப்பிச் சொன்னாள். எனக்கு விளங்கத்தான் செய்தது. என்றாலும் நான் அசையவில்லை. அவள் முகம் சிவந்துபோய்ப் பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தாள். பிறகு தமிழிலேயே கேட்டாள்.

"உங்கடை அம்மன் மணிக்கூட்டுக்குப் பயமா, அம்மா?"

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஒன்றரை மணித்தியாலம் ஒரு மரக்குற்றியில் இருந்து நுளம்புக்கு இரத்ததானம் செய்துவிட்டு, பத்து முப்பத்தொன்றுக்கு வலது காலை எடுத்து வைத்து ஏறினேன்.

நான் புங்குடுதீவில் பிறந்தவள். பெயருக்குத்தான் தீவுக்காரி, ஏழு வயதிலேயே வெளிக்கிட்டுவிட்டோம். வள்ளம் ஆடினாலே எனக்கு ஒத்துவராது. அன்றைக்கு வள்ளம் ஆடவில்லை, குதித்தது. ஆறு ஒரு பக்கம் இழுக்க, காற்று மறுபக்கம் தள்ள, நடு ஆற்றில் அலை சுவர் சுவராக எழும்பியது. காலையில் குடித்த தேத்தண்ணீர் முழுவதையும் ஆற்றுக்குக் கொடுத்தேன். கணவர் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினார். அப்போதுதான் இயந்திரம் ஒருமுறை கனைத்துவிட்டு நின்றது. யாரோ எறிந்த பழைய வலை ஒன்று விசிறியில் சுற்றிவிட்டது. அந்த அலைக்குள் இயந்திரத்தைத் தூக்கி அதை அறுக்க மார்லேனால் முடியவில்லை. நங்கூரம் போட்டார், அடியில் இருந்தது கூழ்ச்சேறு, வழுக்கிக்கொண்டே வந்தது. ரேடியோவில் உதவி கேட்டார். யாராவது வந்துசேர ஒரு மணித்தியாலமாவது ஆகும் என்றார்கள்.

முன்னால் கரை தெரியவில்லை. பழுப்புக் கடல் மட்டும் தெரிந்தது. மார்லேன் எங்கள் மிதவைச் சட்டைகளின் வாரை இன்னொரு முறை இறுக்கிக் கட்டினார். அதுவரை பகிடி சொல்லிக்கொண்டிருந்தவர் இப்போது வாய் திறக்கவில்லை. அது எனக்கு எல்லாவற்றையும் விடப் பயமாக இருந்தது.

கவினி என் காதுக்குக் கிட்ட வந்து சொன்னாள்: "எனக்கு நீந்தத் தெரியும் அம்மா. ஆனா உங்களையும் அப்பாவையும் ரெண்டு பேரையும் நான் எப்பிடிப் பிடிக்கிறது?"

பிள்ளை தன் உயிரை நினைக்கவில்லை. எங்கள் இருவரில் யாரைப் பிடிப்பது, யாரை விடுவது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கணக்கை அவள் தலையில் ஏற்றி வைத்தவள் நான்.

அப்போதுதான் கூப்பிட்டேன். தேவாரம் வரவில்லை, மந்திரம் வரவில்லை. கை கூப்பக்கூட முடியவில்லை, ஒரு கை மகளைப் பிடித்திருந்தது, மறுகை வள்ளத்தின் விளிம்பை. எங்கள் ஊருக்குப் பக்கத்துத் தீவில் இருக்கிற நயினை நாகபூஷணி அம்மாளைத்தான் கூப்பிட்டேன். அவளிடம் போகிற எல்லோரும் கடல் கடந்துதானே போகிறார்கள். "அம்மாளே, நான் நேரத்தை நம்பினன், உன்னை நம்பேல்லை. என்னை என்ன வேணுமெண்டாலும் செய். பிள்ளையைத் தா." இவ்வளவுதான். சத்தம் போட்டுச் சொன்னேனா மனதுக்குள் சொன்னேனா என்று இன்றைக்கும் தெரியாது.

வள்ளத்தின் அடியில் ஏதோ உரசியது. பிறகு தொம் என்று ஒரு இடி. நாங்கள் மூவரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தோம். தலையை நிமிர்த்திப் பார்த்தால் வள்ளம் நின்றிருந்தது. ஆட்டமில்லை, அசைவில்லை. ஆறு இரண்டு பக்கத்தாலும் எங்களைத் தாண்டிக் கடலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

சேற்றுத்திட்டில் ஏறிவிட்டோம். மார்லேன் எழுந்து நின்று நாலு பக்கமும் பார்த்தார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். போன மாதம் இந்த இடத்தில் சேறே இருக்கவில்லை, நல்ல ஆழமான தண்ணீர் என்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரிக்க நாங்களும் சிரித்தோம். நான் சிரித்தேனோ அழுதேனோ, இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது.

அமேசன் ஆற்றுச் சேறு கடலோரமாக நகர்ந்து வந்து இப்படி இடம் மாறி மாறித் திட்டு வைக்குமாம். கவினி எனக்கு விளக்கம் தந்தாள். நான் மறுக்கவில்லை. சேறு எங்கிருந்தென்றாலும் வரட்டும். அந்த இடத்துக்கு, அந்த நேரத்துக்கு அதை வரச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும்.

உதவிக்கு வந்த படகு தூரத்தில் நின்று கை காட்டியது. தண்ணீர் ஏறும்வரை கிட்ட வரமுடியாது, ஆபத்து இல்லை, பொறுத்திருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனது. பின்னேரம் வரை அங்கேயேதான் இருந்தோம். மார்லேன் தார்ப்பாயை இழுத்து நிழல் கட்டினார், ஆறுதலாக இருந்து விசிறியில் சுற்றிய வலையை அறுத்தெடுத்தார். நான் சாப்பாட்டைத் திறந்தேன். சனிக்கிழமை என்றபடியால் மரக்கறிதான்: புளிச்சாதமும் கத்தரிக்காய்ப் பொரியலும் பொரித்த மோர்மிளகாயும். மூடி ஆற்றுத் தண்ணீர் அள்ளினாலும், பொலித்தீனில் இறுக்கிச் சுற்றியிருந்த சோறு நனையவில்லை. மார்லேன் கையால் அள்ளிச் சாப்பிட்டு, மோர்மிளகாய் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். அந்தப் பெண்ணில் எனக்கு அப்போதே ஒரு சகோதரிப் பாசம் வந்துவிட்டது.

மிருகங்களைத் தேடி நாங்கள் புறப்பட்டோம். அன்றைக்கு மிருகங்கள் எங்களைத் தேடி வந்தன. சேற்றோரத் தண்ணீரில் ஒருவகை மீன், கண் இரண்டையும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு எங்களை விடுப்புப் பார்த்தது. பக்கவாட்டில் கிட்ட இருந்த கரையில், சேற்றுக்குள் வளர்கிற கண்டல் மரக்கொப்பில் என் கையளவு தடித்த பச்சை ஓணான் ஒன்று வெயில் காய்ந்தது. குரங்குகள் கூட்டமாக வந்து வேரில் நின்று நண்டு பிடித்துத் தின்றன. இடியப்பம் அவிகிற நேரம்கூட வாய் மூடாமல் கதைக்கிற எனக்கு, கதைக்காதேயும் என்று கணவர் கை காட்டினார். நானும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

வெயில் சாயச் சாயத் தண்ணீர் ஏறியது. வள்ளம் மெல்லப் பாரம் குறைந்து மிதக்கத் தொடங்கிய நேரத்தில்தான் அவை வந்தன. முதலில் நாலு, பிறகு பத்து, பிறகு எண்ணமுடியாத அளவு. சிவப்பு அரிவாள்மூக்கன் பறவைகள். குங்குமம் கொட்டிய மாதிரிச் சிவப்பு. எங்கள் தலைக்கு மேலால் பறந்துபோய்ப் பக்கத்துக் கண்டல் மரங்களில் இறங்கின. பச்சையாக நின்ற மரமெல்லாம் சிவந்தது. ஒரு மணிக்குத் திரும்பியிருந்தால் இதைக் காணவே மாட்டோம், இவை அடைய வருகிற நேரமே இதுதான் என்றார் மார்லேன். நான் வாய்விட்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுவது இவ்வளவு சுகமென்று எனக்கு அதுவரை தெரியாது.

இருட்ட முன்னமே துறைக்கு வந்துவிட்டோம். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. பரெஸ்ஸோவை மட்டும் அன்றைக்குக் காணவில்லை. இரண்டு நாள் கழித்து மைத்துனரின் வீட்டு வாசலில், மின்கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

பாரிஸ் திரும்பியதும் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்தேன். கணவர் பக்கத்தில் நின்று, இப்போது நல்ல நேரமோ என்று கேட்டார். அவரை ஒரு பார்வை பார்த்தேன். நேரம் பார்க்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. என் விஷயம் வேறு. நான் பக்தி என்று நினைத்துப் பயத்தைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். இப்போது எந்த வேலையையும் அம்மாளே என்று சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நெஞ்சில் இருந்த ஒரு பாரம் இறங்கியிருக்கிறது. கடையில் என் முகத்தைப் பார்த்தே இரண்டு மூன்று பேர் என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதினேன்.

ஒருநாள் கவினி தானாக வந்து, அன்றைக்கு வள்ளத்தில் என்ன கேட்டுக் கும்பிட்டீர்கள் என்று கேட்டாள். உள்ளதைச் சொன்னேன், உன்னை மட்டும்தான் கேட்டேன் என்று.

"அப்பாவைக் கேக்கேல்லையா?"

"இல்லைப் பிள்ளை. அந்த நேரம் அப்பாவும் ஞாபகம் வரேல்லை, நானும் ஞாபகம் வரேல்லை."

குசினிக்குள் நின்ற கணவர், நல்ல மனுசி என்று சிரித்தார். கவினி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டுப்பிரார்த்தனைக்கு நான் கூப்பிடாமலே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

சகோதரிகளே, எப்படிக் கேட்பது, எப்போது கேட்பது என்று தயங்கி நிற்காதீர்கள். எனக்குச் சரியாகக் கேட்கக்கூடத் தெரியவில்லை. நான் ஒரு உயிரைத்தான் கேட்டேன். அம்மாள் நாலு உயிரையும் தந்தாள்.