கிழக்கு லைனில் விழுந்த பந்துகள்

1. மேசை மேல் பிளான்

ஃபைனலில் தோற்றுத் திரும்பிய மறுநாள் காலை பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனால், மேசை மேல் நீலத்தாளில் ஒரு பில்டிங் பிளான் விரித்திருந்தது. புதுக் கெமிஸ்ட்ரி லேப். அது வரப்போகும் இடத்தைப் பென்சிலால் தட்டிக் காட்டினார். அது என்னுடைய பால் பேட்மிண்டன் கோர்ட்.

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. நான் அங்கே ஒரு கல்லூரியில் பிஸிகல் டைரக்டர். எல்லோருக்கும் ‘மாஸ்டர்’. பால் பேட்மிண்டன் என்றால் இன்றைய பிள்ளைகள் இறகுப் பந்தை நினைத்துக்கொள்கிறார்கள். இது கம்பளி நூல் பந்து. பக்கத்துக்கு ஐந்து பேர், திறந்த வெளியில் ஆடுவது. முள்ளும் உப்புமண்ணுமாகக் கிடந்த இடத்தை நானும் மாணவர்களும் கொத்தி, செம்மண் அடித்து, உருளை இழுத்து உண்டாக்கிய கோர்ட் அது. அது போனால் டீம் இல்லை. எனக்கு அந்தக் கல்லூரியில் வேறு பெருமையும் இல்லை.

“மாஸ்டர், நேத்து உங்க பையங்க பந்தையெல்லாம் சீஃப் கெஸ்ட் மடியில போட்டாங்களாமே?”

“கொஞ்சம் நெர்வஸ் ஆயிட்டாங்க சார். இன்னும் ஒரு வருஷம் கொடுங்க.”

“அடுத்த ஃபைனலுக்குப் போயிட்டு கப்போட வாங்க. இல்லேன்னா கடப்பாரையோட ஆள் வருவான்.”

சீஃப் கெஸ்ட் மடி என்று அவர் சொன்னது மிகையில்லை. ஃபைனல் மதுரைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில், அந்தக் கல்லூரி டீமோடுதான் நடந்தது. மூன்று பக்கமும் மாடிக் கட்டடம், நடுவில் கோர்ட். கிழக்கு லைனை ஒட்டி விருந்தாளிகளுக்கு நாற்காலி. எங்கள் பையன்கள் அடித்த பந்தெல்லாம் ஒரு முழம் தள்ளி அந்த நாற்காலிகளுக்கு நடுவே விழுந்தது. ஒரு பெரிய மனிதரின் சோடா பாட்டிலைக்கூடத் தட்டிவிட்டது. நான் ஓரத்தில் நின்று “நேரா அடிங்கலே, நேரா அடிங்கலே!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். இரண்டு கேமிலும் பாதிப் பாயின்ட்கூட எடுக்கவில்லை.

2. தண்டனையில் கிடைத்த புத்தி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். பிரின்சிபால் ரூமிலிருந்து நேராக ஹாஸ்டலுக்குப் போய், “நாளையிலேர்ந்து விடியக்காலை அஞ்சரைக்கு கிரவுண்டில நிக்கணும். இது பிராக்டீஸ் இல்ல, தண்டனை” என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுவரை நாங்கள் சாயங்காலம் மட்டும்தான் ஆடுவோம்.

மறுநாள் விடியற்காலை வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை. பையன்கள் தூக்கக் கலக்கத்தில் அடித்தார்கள். முதல் பந்து கிழக்கு லைனுக்கு வெளியே. இரண்டாவதும் அங்கேயே. வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று எனக்கு ரத்தம் கொதித்தது. பந்து விழுகிற இடத்திலெல்லாம் ஒரு கல்லை வைத்தேன், அப்புறம் எண்ணிக் காட்டித் திட்டலாம் என்று. அரை மணியில் கிழக்கு லைனுக்கு வெளியே கல் வரிசையாக நின்றது. மேற்கே ஒன்றுகூட இல்லை.

கேப்டன் இன்னாசிமுத்து அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே நின்றான். சங்கு குளிக்கப் போகிறவர் மகன். கடலைப் பார்த்து வளர்ந்தவன். நான் ஆழ்வார்திருநகரிப் பக்கத்து வயல்காட்டுக்காரன். எனக்குக் காற்று என்றால் நெல் தூற்றுவதற்கு.

“சார், நாங்க தப்பா அடிக்கல. சாயங்காலம் கடக்காத்து கிழக்கேயிருந்து வீசும்லா? பந்தை மேக்கே தள்ளும். அதனால கிழக்கே வச்சு அடிச்சாத்தான் உள்ள விழும். கை அப்படியே பழகிட்டு. இப்ப காத்து இல்ல, கை மட்டும் காத்துக்கு அடிக்கி.”

எனக்குத் தலையில் தண்ணீர் ஊற்றியதுபோல் இருந்தது. எல்லா ஊரிலும் கோர்ட்டைத் தெற்கு வடக்காகத்தான் போடுவார்கள், வெயில் கண்ணில் படாமல் இருக்க. அதனால் எங்கே போனாலும் கிழக்கு லைன் பக்கவாட்டில்தான் இருக்கும். காற்று நுழையாத அந்த மதுரைக் கோர்ட்டிலும், இல்லாத கடற்காற்றுக்கு ஈடுகட்டி ஆடியிருக்கிறோம். சொந்த ஊரில் எங்களை யாரும் ஜெயிக்க முடியாததற்கும், வெளியூரில் மண்ணைக் கவ்வியதற்கும் காரணம் ஒன்றே. மூன்று வருஷமாக அதைப் பார்க்காத ஒரே ஆள் கோச்.

அன்று ஐந்து பேரிடமும் மன்னிப்புக் கேட்டேன். கேட்க வெட்கமாகத்தான் இருந்தது.

3. நிலாவாரை கொடவுன்

காற்றில்லாத இடம் வேண்டும். விடியற்காலையை நம்ப முடியாது, சூரியன் ஏறினால் காற்றும் எழுந்துவிடும். ஊரில் உயரமான கூரையுள்ள இடம் என்றால் ஏற்றுமதிக் கொடவுன்கள்தான். உடன்குடிக்காரர் ஒருவர் நிலாவாரை இலை ஏற்றுமதி செய்துவந்தார். இலை கப்பலேறிய பின் அவர் கொடவுன் காலியாகக் கிடக்கும் என்று கேள்விப்பட்டு, போய் நின்றேன்.

“அண்ணாச்சி, வாரத்துல மூணு நாள் கொடவுனைத் தரணும்.”

“என்ன சரக்கு வைக்கப் போறீரு?”

“சரக்கு இல்ல. பந்து விளையாட.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “வெளிய இம்புட்டு கிரவுண்டு கெடக்கு, கொடவுனுக்குள்ள விளையாடுதேன்னு சொல்லுதீரு. வெயில்ல ரொம்ப நின்னுட்டீரோ?”

முழுக் கதையையும் சொன்னேன். சிரித்து முடித்துச் சாவியை எடுத்துத் தந்தார். “ஆனா வாய மூடிட்டு ஆடச் சொல்லும். தரையெல்லாம் நிலாவாரைத் தூசி. பேதி மருந்து அது.”

அவர் பேச்சை நாங்கள் மதிக்கவில்லை. முதல் வாரம் ஆட்டத்தைவிடக் கொல்லைப்புறத்துக்கு ஓட்டம்தான் அதிகம். அப்புறம் தண்ணீர் தெளித்துப் பெருக்கி, மூக்கில் கைக்குட்டை கட்டி ஆடினோம். மூன்று நாள் கொடவுன், மூன்று நாள் கடற்காற்று.

அதிலும் ஒரு சிக்கல். நெட் அருகே நிற்கிற ஃப்ரண்ட் ஆட்டக்காரனுக்குப் பந்தைத் தவிர ஒன்றும் தெரியாது. காற்று இருக்கிறதா, எந்தப் பக்கம் என்று அவன் நிதானிப்பதற்குள் பாயின்ட் போய்விடும். இதற்கும் இன்னாசிதான் வழி சொன்னான்.

“சங்கு குளிக்கயில தண்ணிக்குள்ள போறவனுக்கு மேல நடக்கது தெரியாது சார். வள்ளத்துல கயித்தப் புடிக்கவந்தான் அவனுக்குக் கண்ணு. கயித்த மச்சினன் கையிலதான் குடுப்பாங்க. அக்கா தாலி அந்தக் கயித்துல கெடக்குல்லா, அசர மாட்டான்.”

அப்படியே செய்தோம். இரண்டு ஃப்ரண்டுக்கும் பின்னால் நிற்கிற இரண்டு பேக்கும் மச்சினன்மார். பந்து எழும்போதே பேக் ஒரே சொல் சொல்ல வேண்டும்: கிழக்கே, மேக்கே, நேரே. ஃப்ரண்ட் யோசிக்காமல் அந்தப் பக்கம் வைத்து அடிக்க வேண்டும்.

“சென்டர்ல நிக்க எனக்கு யார் சார் மச்சினன்?” என்றான் இன்னாசி.

“நான்தாம்லே” என்றேன்.

4. மறுபடியும் அதே கட்டடம்

அடுத்த வருஷமும் ஃபைனல் அதே கோர்ட்டில், அதே டீமோடு. முதல் கேம் போராடித் தோற்றோம். ஆனால் கிழக்கு நாற்காலிக்கு ஒரு பந்தும் போகவில்லை. என் பதற்றம் அப்போதே பாதி இறங்கிவிட்டது. இரண்டாவது கேமில் பையன்கள் கொடவுனில் ஆடுவதுபோலவே ஆடினார்கள். காற்றே இல்லாத கோர்ட்டில், காற்றில்லாமல் ஆடியே பழகியவர்களை ஜெயித்தார்கள். என்னைக் கேட்டால் அதுதான் உண்மையான கப்.

மூன்றாவது கேம் பாதியில் வானம் இருண்டது. கட்டடம் இல்லாத மேற்குப் பக்கத்திலிருந்து காற்று புழுதியோடு உள்ளே புகுந்தது. நான் ஸ்கோர் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பாயின்ட் பின்னால் இருந்தோம், மனதுக்குள் கடப்பாரைச் சத்தம் கேட்டது. இன்னாசி அடித்த பந்து கிழக்கே பறந்து வெளியே விழுந்தது. அவன் திரும்பி என்னைப் பார்த்துக் கத்தினான்.

“சார்! கயித்த விட்டுட்டீங்க!”

அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் அதன் அர்த்தம் தெரியும். வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லைனுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அதன்பின் ஸ்கோர் போர்டை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. “மேக்கே! மேக்கே! நேரே!” காற்று தணிந்தால் நேரே, வீசினால் மேக்கே. பின்னாலிருந்து பேக் இருவரும் ஃப்ரண்ட்களுக்கு அதையே சொன்னார்கள். எதிர் டீம் பையன்கள் பாவம், நல்ல ஆட்டக்காரர்கள், பந்து எங்கே போகிறதென்று தெரியாமல் திண்டாடினார்கள். அவர்கள் கோச் அம்பயரிடம் ஓடினார்.

“காத்து நிக்கிற வரைக்கும் ஆட்டத்தை நிறுத்துங்க சார்.”

“மழைன்னா நிறுத்தலாம். காத்துக்கு நிறுத்த முடியாது” என்றார் அம்பயர்.

கேமை முடிக்கிற இருபத்தொன்பதாவது பாயின்ட் எங்களுக்கு விழுந்தது எனக்குத் தெரியாது. நான் “மேக்கே” என்று கத்திக்கொண்டே இருந்தேன். ஐந்து பேரும் ஓடிவந்து என்னைத் தூக்கியபோதுதான் ஜெயித்துவிட்டோம் என்று புரிந்தது. நான் அழுதேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்த கோச் கை குலுக்கும்போது, “காத்து வந்து உங்களை ஜெயிக்க வச்சிட்டு” என்றார்.

“போன வருஷம் அது வராமத் தோக்க வச்சுது சார். நாங்க யார்கிட்டயும் புகார் சொல்லலியே” என்றேன்.

5. இரண்டாவது கோர்ட்

மறுநாள் சாயங்காலம் பிரின்சிபால் தானே கிரவுண்டுக்கு வந்தார். ஷூவில் செம்மண் ஒட்டுவதைப் பொருட்படுத்தாமல் நெட் வரை நடந்தார். கப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“லேபுக்கு வேற இடம் பாத்தாச்சு மாஸ்டர். இப்பச் சொல்லுங்க, உங்களுக்குக் கோர்ட் ஒண்ணு போதுமா?”

போதாது என்றேன். அந்த வருஷமே இரண்டாவது கோர்ட் போட்டோம். கப் அடுத்த மூன்று வருஷமும் எங்களை விட்டுப் போகவில்லை. ஆள் தேடிப் போன காலம் மாறி, விளாத்திகுளத்திலிருந்தெல்லாம் பையன்கள் பேட்டோடு அட்மிஷனுக்கு வந்தார்கள்.

இப்போது கோச் வேலைக்கு வருகிற தம்பிகள் என்னிடம் ரகசியம் கேட்கிறார்கள். பெரிய ரகசியம் இல்லை. டீம் எங்கே நன்றாக ஆடுகிறதோ அங்கேதான் அதன் குறையும் ஒளிந்திருக்கும். தோற்ற அன்று பையன்களைத் திட்டுவதற்கு முன்னால், நாம் எதைப் பழக்கிக் கொடுத்தோம் என்று பார்க்க வேண்டும். அதனால்தான் அந்த இரண்டாவது கோர்ட்டைக் கிழக்கு மேற்காகப் போட்டேன். வந்து பார்த்த மற்ற கோச்சுகள், வெயில் நேராகக் கண்ணில் அடிக்குமே என்று சிரித்தார்கள். அடிக்கட்டும், அதுக்கும் பழகட்டும் என்றேன்.