மாமா பாஸ் செய்த டீசல் கார்

எங்கள் சொந்தத்தில் எனக்குக் கைராசிக்காரி என்று பெயர். போர் போட இடம் முடிவு செய்ய வேண்டுமா, வந்த இரண்டு ஜாதகத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமா, கோயிலில் பூப்பொட்டலம் எடுக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். இன்றைக்கும் யாராவது என்னை அப்படிச் சொன்னால் சுரீரென்று கோபம் வருகிறது. அந்தப் பெயர் எனக்கு ஒரு காரால் வந்தது. அந்தக் காரை நாங்கள் வாங்காமல் விட்டதால் வந்தது.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. நாமகிரிப்பேட்டைக்கு வெளியே தோட்டத்துக்குள்ளேயே எங்கள் வீடு. வீட்டுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் ஓர் ஓடை. மழைக்காலத்தில் ஸ்கூல் வேன் அக்கரையோடு நின்றுவிடும். நானும் அம்மாவும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கி ஏறுவோம். அம்மா பக்கத்து ஊர்ப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். மழையென்று அவள் லீவு போட முடியாது. சேறு காய்ந்த பாவாடையோடு வகுப்பில் உட்காருவது எனக்குச் செத்துப்போகலாம் போல இருக்கும்.

அதனால் நாலு சக்கரமும் இழுக்கிற கார்தான் வேண்டும் என்று முடிவானது. இரண்டு வருஷ மஞ்சள் விற்ற பணத்தை அப்பா அதற்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். புதிது வாங்கக் கட்டுப்படியாகாது. பழைய வண்டி என்றால் எங்கள் வீட்டில் மாமா. அம்மாவின் அண்ணன். நாமக்கல்லில் நாலு லாரி ஓட்டுகிறவர். சக்கரம் வைத்த எந்தப் பொருளைப் பற்றியும் அவர் பேசிவிட்டால் வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது.

மாமாவே ஒரு புரோக்கரையும் காரையும் கூட்டிக்கொண்டு வந்தார். டீசல் வண்டி. முழு ஜீப்பும் இல்லை, முழுக் காரும் இல்லை. உயரமாக, வெள்ளை வெளேரென்று நின்றது. மெட்ராஸில் ஒரு டாக்டர் குடும்பம் வைத்திருந்ததாம். டாக்டர் குடும்பம் என்றதும் அப்பாவுக்குப் பாதி மனம் கரைந்துவிட்டது.

மாமா காரைப் பார்த்த அழகு இருக்கிறதே. முதலில் என்ஜினை ஓடவிட்டு, கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் கேட்டார். புகைக்குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஆயில் மூடியைத் திறந்து முகர்ந்தார். பிறகு ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, ஓடுகிற வண்டியின் பானெட் மேல் வைத்தார். தண்ணீர் லேசாக நடுங்கியதே தவிரச் சிந்தவில்லை. "பாத்துக்கங்க மச்சான்" என்று அப்பாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். டம்ளர் கொண்டுவந்தது அம்மா. எடுத்துப்போனதும் அம்மா.

அடுத்து ஓடைக்கு ஓட்டிக்கொண்டு போனோம். மாமாவும் அப்பாவும் முன்னால், நானும் அம்மாவும் பின்னால். நாலு சக்கரத்தையும் இழுக்கவைக்கிற குமிழை மாமா திருப்பினார். மணலில் இறங்கிய வண்டி நாலு காலையும் ஊன்றி அக்கரை மேட்டில் ஏறியது. திரும்பி வந்தது. மறுபடியும் ஏறியது. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. இனி என் பாவாடையில் ஒரு பொட்டுச் சேறு படாது.

அப்போதுதான் அம்மா பின் சீட் பெல்ட்டை உருவ ஆரம்பித்தாள். யாரும் உருவாத கடைசி முழம் வரைக்கும் உருவினாள். அங்கே பொடிப்பொடியாக வண்டல் காய்ந்து ஒட்டியிருந்தது. விரலில் தேய்த்து முகர்ந்தாள். காலடி விரிப்பைத் தூக்கி அதையும் முகர்ந்தாள். ஓடைக்கரையில் குடியிருப்பவளுக்கு வெள்ளம் வடிந்த தடம் தெரியாதா.

"ஏனுங்ணா, வண்டி தண்ணிக்குள்ள நின்னிருக்குமுங்களா?" என்று கேட்டாள்.

மாமா கண்ணாடி வழியாகப் பார்த்துச் சிரித்தார். "இருவது வருசமா வண்டியோட கெடக்கறேன் அம்மணி. எங்காதுக்குத் தெரியாததா?" அப்பாவும் கூடச் சிரித்தார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் சிரித்தேன். எங்கே வண்டி கைவிட்டுப் போய்விடுமோ என்று அம்மா மேல் எனக்கு எரிச்சல்.

வீட்டுக்கு வந்து அம்மா அப்பாவிடம் தனியாகவும் சொல்லிப் பார்த்தாள். "லாரிக்காரரு பாத்துச் சொல்றாரு. நீ என்னத்தக் கண்ட?" என்றார் அப்பா. "சரிங்க, எதுக்கும் சாமிகிட்டப் பூக் கேட்டுட்டு வாங்கிக்கலாம்" என்றாள் அம்மா. அதற்கு எந்த ஆம்பளையும் மறுப்புச் சொல்ல முடியாது.

எங்கள் குலதெய்வக் கோயிலில் வெள்ளை அரளியை ஒரு பொட்டலமும் செவ்வரளியை ஒரு பொட்டலமுமாக வாழையிலையில் மடித்துச் சாமி முன்னால் வைப்பார்கள். ஒரு குழந்தை கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். மடித்து எடுத்துப்போவது வீட்டுப் பெண்களின் வேலை. எடுக்கிற குழந்தையாக என்னை முன்னால் தள்ளினார்கள். வெள்ளை, வெள்ளை என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டே எடுத்தேன்.

பூசாரி பிரித்தார். சிவப்பு.

மாமாவின் முகம் தொங்கிப்போனது. சாமியைத் திட்ட முடியாது, நான் இருந்தேன். "புள்ளைக்குக் கை சரியில்ல" என்றார். திரும்புகிற வழியெல்லாம் அதையே சொன்னார். நல்ல வண்டி, அருமையான வண்டி, இவள் கையால் போச்சு. அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு வார்த்தை எனக்காகப் பேசவில்லை.

என்னால் தாங்க முடியாததற்குக் காரணம் வேறு. சாமி மேலிருந்த கோபத்தில், கிளம்பும்போது மிச்சப் பொட்டலத்தை எடுத்துக் கோயில் பின்னால் போய்ப் பிரித்துப் பார்த்திருந்தேன். அதிலும் செவ்வரளிதான். நிமிர்ந்தால் அம்மா நின்றிருந்தாள். பொட்டலத்தை வாங்கிக் கிணற்றில் போட்டுவிட்டு, வாயில் விரலை வைத்துக் காட்டினாள்.

அந்த வருஷ மழைக்கும் சேற்றில்தான் நடந்தேன். நான்கைந்து மாதம் கழித்து மாமா வந்தார். அந்தக் காரை எடப்பாடியில் ஒரு தறிக்காரர் வாங்கியிருந்தாராம். ஒயரெல்லாம் உள்ளேயே துருவேறி, நடுரோட்டில் விளக்கும் ஸ்டியரிங்கும் ஒன்றாகச் செத்துப்போய், புளியமரத்தில் மோதி நின்றதாம். ஓட்டியவருக்குக் கை முறிந்ததோடு போயிற்று. "மெட்ராசு வெள்ளத்துல முழுவுன வண்டியாமா. நாந்தான் அன்னிக்கே சொன்னனே, எதுக்கும் பூக் கேட்டுருவோம்னு" என்றார் மாமா, கூசாமல். பிறகு என் தலையைத் தடவி, "இது கைராசிக்காரப் புள்ளைங்க மச்சான்" என்றார். அப்பா கண் கலங்கிச் சாமியைக் கும்பிட்டார். சாமிக்குப் பேர், மாமாவுக்குப் பேர், என் கைக்குக்கூடப் பேர். அம்மா அவர்களுக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தாள்.

நான் அடுப்படிக்குப் போய் அவளைப் பிடித்துக்கொண்டேன். "நீதான் கண்டுபிடிச்சேன்னு சொல்லும்மா. ரெண்டும் செவப்புன்னு சொல்லு."

"சொன்னா உங்க மாமனுக்கு மொகமில்லாமப் போயிரும். உங்கப்பன் நம்பவும் மாட்டாரு. சாமி சொன்னாத்தாங் கண்ணு மறுபேச்சு இல்ல."

"அப்ப நாஞ் சொல்றேன்."

அம்மா டீ ஆற்றுவதை நிறுத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நீ சொன்னாக் கேட்டுருவாங்களாக்கும்?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நான் சின்னப் பெண் என்பதால்தானே இந்தச் சிரிப்பு என்று நினைத்தேன். இன்னும் சில வருஷம் பொறுத்துக்கொள்ளலாம், பெரியவளாகிவிட்டால் நான் சொல்வதை எல்லோரும் கேட்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எதிரில் நின்ற அம்மா பெரியவள்தான் என்பது அன்று எனக்குத் தோன்றவே இல்லை.