சத்தம் வராத வீடு

காவாந்தண்டலத்தில் நாங்கள் இறக்கிவைத்த வீட்டுக்குள் வெளிச்சத்தம் வரவில்லை. அதனால் வீட்டுக்காரர் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார். தொழிற்சாலையில் செய்த வீட்டை லாரியில் கொண்டுபோய் இறக்கி, துண்டுகளைச் சேர்த்துப் பூட்டுவது என் வேலை. மேஸ்திரி என்று கூப்பிடுவார்கள். செங்கல்லோ இரும்போ, வீடு என்று ஒன்றில் கைவைத்தவர்கள் எல்லோரும் என் கட்சிதான். உங்களுக்குப் புரியும்.

ஆணி

போன மழைக்காலத்தில் வீட்டுக்காரர் ஏகாம்பரத்தின் பழைய மண்சுவர் வீடு விழுந்தது. அவர் அதற்கு முன்பே விழுந்தவர். பக்கவாதம். வலது கையும் காலும் வராது, பேச்சு குழறும். அவர் மனைவி கன்னியம்மா மாட்டுக்கொட்டகையில் தார்ப்பாய் கட்டி அவரைப் படுக்கவைத்திருந்தார்.

செங்கல் வீடு என்றால் ஆறேழு மாதம். எங்களுடையது ஒரே மாதம். மறைத்து விற்கிற பழக்கம் எனக்கில்லை. விலை கூடுதல், பின்னால் ஒரு அறை சேர்ப்பதென்றாலும் எங்களிடம்தான் வரவேண்டும், நினைத்த இடத்தில் ஆணி அடிக்க முடியாது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அந்தம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே சொன்னார்: "ஆணி இன்னாத்துக்குண்ணா? மாட்டி வெக்க அவர்கிட்ட ரெண்டு சட்டைதான் கீது."

தட்டிப் பார்த்தவர்கள்

வீடு இரண்டு துண்டாக வந்தது. கிரேன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. ஊரே வந்து நின்றது. வந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே காரியம்தான் செய்தார்கள். விரலை மடக்கிச் சுவரைத் தட்டினார்கள். தட்டாதே தட்டாதே என்று கத்திக் கத்தி என் தொண்டை கட்டிக்கொண்டது. செங்கல் சுவரை இப்படி எவனாவது தட்டிப் பார்க்கிறானா?

ஏகாம்பரத்தின் பங்காளி முனுசாமி நாலு பக்கமும் தட்டிவிட்டு, கட்டிலில் கிடந்தவரிடம் போய்த் தீர்ப்புச் சொன்னார்: "டேய் ஏகா, வூடு இல்லடா இது, ஃப்ரிட்ஜு. கதவ சாத்திக்கினா நீ கெட்டுப்போவவே மாட்ட."

குறையில்லாத வீடு

கெடவில்லைதான். வெயிலில் உள்ளே தகிக்கவில்லை. ஒரு மழை வந்தது, ஒரு சொட்டு ஒழுகவில்லை. கதவுகள் அகலம், சக்கர நாற்காலி குளியலறை வரை இடிக்காமல் போயிற்று. கன்னியம்மா அவரைத் தோளில் சுமந்தது முடிந்தது. நான் தலைநிமிர்ந்து திரிந்தேன்.

பதினைந்தாம் நாள் அந்தம்மா போன் செய்தார். அவர் சாப்பிட மறுக்கிறாராம், கொட்டகைக்கே கொண்டுபோ என்கிறாராம்.

போய்ப் பார்த்தேன். கிணறும் மோட்டாரும் வீட்டுக்கு மேற்கே. ஜன்னல் கிழக்கே. மேற்குச் சுவர் நாலு விரல் கனம், நடுவில் நுரை அடைத்த தகடு. வரைபடத்தில் அந்தப் பக்கம் ஜன்னல் இல்லை. நானும் கேட்கவில்லை. படுத்த நாளிலிருந்து ஏகாம்பரம் மோட்டார் சத்தத்தைக் கேட்டுத்தான் கரண்ட் வந்ததா, தண்ணீர் எப்படி வருகிறது, எந்த மடையைத் திறப்பது என்று மனைவிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். விவசாயத்தில் அவருக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். அதையும் நாங்கள் அடைத்துவிட்டோம்.

என்னதான் வேணும் என்று அதட்டினேன். அவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "கரண்டு வந்தா தெர்ல. மய பேஞ்சா தெர்ல. நான் கீறனா இல்லியான்னே தெர்ல மேஸ்திரி."

மேற்குச் சுவர்

மேற்கே ஒரு ஜன்னல் வைக்கலாமா என்று ஆபீசில் கேட்டேன். சுவரை வெட்டினால் கேரண்டி கிடையாது என்றார்கள். நானே வெட்டலாம் என்றால், உள்ளே எங்கே இரும்புக் கால், எங்கே ஒயர் என்று வெளியிலிருந்து தெரியாது. வெட்கத்தை விட்டு நானும் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை.

தொழிற்சாலையில் அந்தச் சுவரைப் பூட்டினவர் யார் என்று விசாரித்தேன். பரிமளா என்றார்கள். பழையசீவரத்துக்காரர், பேரன் எடுத்தவர். விஷயத்தைச் சொன்னதும் ஞாயிற்றுக்கிழமை லீவில் பையோடு பஸ் ஏறி வந்துவிட்டார். கேரண்டி போய்விடும் என்று கன்னியம்மாவிடம் மறுபடி சொன்னேன். போகட்டும் என்றார்.

பரிமளா சுவரைப் பார்க்கவில்லை. முதலில் கட்டிலில் ஏகாம்பரத்தின் காது எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளந்தார். பிறகுதான் சாக்பீஸ் எடுத்துக் கட்டம் போட்டார். வெட்டினார். ஒரு ஒயர் அறுபடவில்லை. சட்டம் பொருத்தி, கொசுவலை அடித்து, ஓரமெல்லாம் பூசி முடித்தார்.

பதினோரு மணிக்கு த்ரீபேஸ் கரண்ட் வந்தது. மோட்டார் உறுமியது. தொட்டியில் தண்ணீர் விழுந்தது. ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டார். நான் எதையோ தேடுவதுபோல என் பையைக் கிளறிக்கொண்டிருந்தேன். ஏகாம்பரம் கண்ணைத் திறந்து மனைவியை அதட்டினார்: "மோட்டாரு காத்து வாங்குது, காதுல விய்ல? போய் கெணத்துல புட்வால்வ பாரு. பாத்துட்டு வந்து சோறு போடு."

இஞ்சினியர், கிரேன், நான் என்று இத்தனை பேர் கூடி ஒரு ஓட்டையில்லாமல் செய்த வீட்டை, ஒரே ஒரு ஓட்டை போட்டுச் சரிசெய்தவர் பரிமளா.