மாலை வண்டியோடு ஓடியவள்

நாத்தனாரைப் புகழ்ந்து எழுதுகிற அண்ணி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இருந்துவிட்டுப் போகிறேன். எண்ணூறு மீட்டரில் தேசிய அளவில் தங்கம் வாங்கியவள் என்று இன்றைக்கு அவள் படத்தைப் பேப்பரில் போடுகிறார்கள். கடைசி இருநூறு மீட்டரில் அவளை யாராலும் பிடிக்க முடியாதாம். அது எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

கல்யாணமாகி நான் மாரிகுப்பம் வந்தபோது அவள் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பெங்களூரில் வேலை. விடிந்தும் விடியாமலும் கிளம்பும் ரயில். வண்டி புறப்படுகிற இடமே எங்கள் ஊர் என்பதால் ஜன்னல் சீட்டெல்லாம் எங்களுக்குத்தான். வழியில் ஊரிகம் ஸ்டேஷனில் ஏறுகிறவர்கள் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். எங்கள் பெட்டிப் பெண்கள் பீன்ஸ் நறுக்குவார்கள், பூக்கட்டுவார்கள், ஊர்வம்பு பேசுவார்கள். ஆனால் ஜன்னல் சீட்டை மட்டும் பெற்ற தாய்க்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

அந்த ரயிலோடுதான் அவள் தினமும் ஓடினாள். பிளாட்பாரம் முடிகிற இடத்திலிருந்து லெவல் கிராஸிங் வரை, தண்டவாளத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மண்பாதை உண்டு. வண்டி ஊதியதும் கிளம்பி, என் ஜன்னலைத் தாண்டிப் பறப்பாள். பிறகு வண்டி வேகமெடுக்கும். அவள் பின்தங்கி, இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டே எனக்கு டாட்டா காட்டுவாள். ரயிலுக்கே தண்ணி காட்டுகிறாளே என்று எனக்கு ஒரே பெருமை.

பந்தயத்தில்தான் ஒன்றும் நடக்கவில்லை. முதல் ரவுண்டில் எல்லோருக்கும் முன்னால் நிற்பாள். கடைசி நேர்ப்பாதையில் நாலைந்து பேர் அவளைத் தாண்டிப் போய்விடுவார்கள். கோச் தொண்டை கிழியக் கத்திப் பார்த்தார். இந்தக் கூத்து வருஷக்கணக்கில் நடந்தது. அதோடு கெண்டைக்காலில் காயமும் பட்டது. கட்டுப் போட்ட காலோடு ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவள், தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இந்தவாட்டி ஸ்டேட் மீட்ல செலக்ட் ஆவலன்னா ஷூவத் தூக்கி பரண்ல போட்டுட்றேன். அண்ணிகூட நானும் பெங்களூருக்கு வேலைக்குப் போறேன்."

"நல்லதாப் போச்சு" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு வந்ததே கோபம்!

"இன்னா நல்லது? உங்க தங்கச்சி ஓடறத ஒருநாளாவது எழுந்து வந்து பாத்துக்கீறீங்களா?" என்று கேட்டேன். மனுஷன் குழம்புக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

ஓட முடியாத அந்த நாட்களில், சாயங்காலம் என்னை அழைத்துப்போக ஸ்டேஷனுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் நான் இறங்கியதும் கையைப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணி, இத்தன நாளா தப்பு பண்ணிக்கினு இருந்தேன். காலை வண்டி மொதல்ல மெதுவாப் போவும், அப்பறம் வேகம் எடுக்கும். அத ஜெயிக்கணும்னு நா ஆரம்பத்துலயே எல்லாத்தையும் கொட்டிட்டு நின்னுடுவேன். ரேஸ்லயும் அதேதான். பழகிப் போச்சு."

"அதுக்கு இப்ப இன்னா பண்ணப் போற?"

"சாயங்கால வண்டியோட ஓடப் போறேன். இது வர வர மெதுவாவுது பாருங்க. இது கொறைக்கச்சொல்ல நா ஏத்தணும்."

எந்தக் கோச்சும் சொல்லிக்கொடுக்காமல், உடைந்த பெஞ்சில் உட்கார்ந்து தன் தப்பைத் தானே கண்டுபிடித்தாளே, அதற்கே அவளுக்கு ஒரு மெடல் கொடுக்கலாம்.

கட்டுப் பிரித்ததும் தொடங்கிவிட்டாள். காலனி ரோட்டில் ஓடிக் களைத்து, வண்டி வரும் நேரத்துக்குக் கிராஸிங்குக்கு வந்துவிடுவாள். முதலில் வண்டி அவளை விட்டுவிட்டுப் போகும். அவள் அவசரப்படமாட்டாள். பிரேக் பிடிக்கிற சத்தம் கேட்டதும் நான் ஜன்னல் கம்பியைத் தட்டி, "ஸ்லோ ஆவுது, வா வா!" என்று கத்துவேன். பெட்டியே சேர்ந்து கத்தும். கன்னடக்கார அக்கா ஒருத்தி "பேகா, பேகா!" என்று, சீக்கிரம் வரச்சொல்லி அவளை விரட்டுவாள். பிளாட்பாரம் தொடங்குகிற இடத்துக்குள் என் ஜன்னலைப் பிடித்துவிட வேண்டும் என்பது அவள் கணக்கு. பாதி நாள் தோற்பாள். பிறகு தோற்பது குறைந்தது.

ஸ்டேட் மீட் அன்று ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு பெங்களூர் ஸ்டேடியத்தில் உட்கார்ந்தேன். துப்பாக்கி வெடித்தது. முதல் ரவுண்டில் என் நாத்தனார் கடைசிக்கு முந்தின ஆளாக ஓடுகிறாள்! கடைசி ரவுண்டுக்கு மணி அடித்தபோதும் அப்படியேதான். நாளையிலிருந்து இவளும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு என்னோடு வரப்போகிறாள் என்றே முடிவு கட்டிவிட்டேன். கடைசி வளைவில் முன்னால் போனவர்களின் தோள் களைப்பில் ஆடத் தொடங்கியது. என்னையறியாமல் எழுந்து நின்று, "ஸ்லோ ஆவுது, வா வா!" என்று அலறினேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

வந்தாள். ஒவ்வொருத்தியாகத் தாண்டி வந்தாள். நாடாவைக் கடந்தபோது அவளுக்கு முன்னால் யாருமே இல்லை. நான் அழுத அழுகையில் யாரோ தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள்.

சாயங்கால வண்டியில் ஒன்றாகத் திரும்பினோம். கூட்டம் நெரிந்தது. கழுத்தில் மெடலோடு, நிற்கமுடியாமல் கால் நடுங்க அவள் ஏறியதும், எங்கள் பெட்டிப் பெண்கள் நாலு பேர் ஒரே நேரத்தில் ஜன்னலோரத்திலிருந்து எழுந்து நின்றார்கள். இத்தனை வருஷத்தில் நான் பார்க்காத அதிசயம் அது. உட்கார்ந்தவள் அப்படியே என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

பிரேக் பிடிக்கிற சத்தத்தில் விழித்துக்கொண்டாள். கிராஸிங் தாண்டி அந்த மண்பாதை வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடியே இருந்தாள்.

"அண்ணி, பாதை காலியாக் கீது பாத்தீங்களா?"

அவள் பையைத் தூக்கி என் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"நாளைக்கு இருக்காது" என்றேன். "எறங்கு."