முத்துமாரி போட்ட கடைசி இரும்புக் குண்டு

டணார்...!

இரும்புக் குண்டு இன்னொரு இரும்புக் குண்டின் மேல் விழும் சத்தம் அது. எனக்கு அது பாட்டு மாதிரி. முத்துமாரிக்கோ தோள் இரண்டும் காதுவரை ஏறி, கண் இறுக மூடிக்கொள்ளும்.

காலேஜில் நாங்கள் இருவரும் பெட்டாங்க் ஜோடி. விளையாட்டு சுலபம்தான். சின்ன மரக்குண்டு ஒன்றைத் தரையில் போட்டு, வட்டத்துக்குள் நின்றபடி இரும்புக் குண்டுகளை அதன் பக்கத்தில் சேர்க்க வேண்டும். யாருடைய குண்டு மரக்குண்டுக்கு மிகக் கிட்டத்தில் கிடக்கிறதோ அவர்களுக்குத்தான் பாயிண்ட். எதிராளியின் நல்ல குண்டைவிடக் கிட்டத்தில் நம் குண்டுகள் எத்தனை கிடக்கின்றனவோ, அத்தனை பாயிண்ட். முதலில் பதிமூன்று தொடுபவர்கள்தான் ஜெயித்தவர்கள்.

உருட்டிக் கிட்டத்தில் வைப்பது முத்துவின் வேலை. எதிராளி குண்டை அடித்துத் தூக்குவது என் வேலை. நான் விருதுநகர் மிளகாய் வியாபாரி மகள், கையும் வாயும் சும்மா இருக்காது. அவள் சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தம். அம்மா பட்டாசு கம்பெனியில் மருந்து அடைக்கிறவர். லீவில் அவளும் அங்கே வேலைக்குப் போவாள்.

"ஒரு தடவையாச்சும் அடிச்சுப் பாரேன்டி" என்று ஒரு நாள் கத்தினேன்.

"கை வர மாட்டேங்குது பாத்திமா. கம்பெனி கேட்லயே, உரசிப் பொறி பறந்துரும்னு கொலுசு, ஹேர்பின்னு அம்புட்டையும் கழட்டி வச்சுட்டுத்தான் உள்ள போவோம். ஒருக்கா கைதவறி ஒரு தூக்குவாளி விழுந்துச்சு... ஷெட்டே வெளிய ஓடிருச்சு. இரும்பு மேல இரும்பு விழுந்தா எனக்கு ஈரக்கொலை நடுங்கும்டி."

அதற்குப் பிறகு நான் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

ஸ்டேட் டீமுக்கு ஆள் எடுக்கும் மேட்ச், பைனல். ஜெயிக்கும் ஜோடிக்கு மட்டும்தான் இடம். எனக்கு அது ஒரு சர்டிபிகேட், அவ்வளவுதான். அவளுக்கு அப்படி இல்லை. அந்த சர்டிபிகேட் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் பி.டி. டீச்சர் படிப்பான பி.பி.எட்.டுக்கு சீட் கேட்கலாம். இல்லையென்றால் திங்கட்கிழமையிலிருந்து அம்மா கூடவே மருந்து அடைக்க வேண்டும். போர்மேனிடம் அம்மா சொல்லியும் வைத்துவிட்டார்.

ஸ்கோர் அவர்களுக்குப் பன்னிரண்டு, எங்களுக்குப் பத்து.

வெயிலில் தரை காய்ந்து கல்லாகக் கிடந்தது. எங்கள் குண்டுகளில் மூன்று, நிற்காமல் ஓடி மரக்குண்டைத் தாண்டி ஒரு முழம் பின்னால் போய்க் கிடந்தன. நான் முத்துவைத் திட்டித் தீர்த்தேன். அந்த மூன்றில் இரண்டு நான் போட்டவை என்பது வேறு விஷயம்! எதிராளியின் ஒரு குண்டோ மரக்குண்டின் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றது. அவர்கள் கையில் குண்டு தீர்ந்துவிட்டது. என் கையிலும் இல்லை.

பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. முத்துவின் கையில்.

"முத்து... அத அடிச்சுத் தூக்கு. வேற வழியில்ல."

அவள் உதடு காய்ந்திருந்தது. கையைத் துடைத்தாள்... திரும்பவும் துடைத்தாள். நடுவர் வாட்சைப் பார்த்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"பாத்திமா, அந்த மரக்குண்ட நகட்டலாமா?"

"எங்கிட்டு?"

"பின்னாடி. நம்ம குண்டுக அங்கனதான கெடக்கு. அது அங்கன போயிட்டா மூணும் நமக்குத்தான?"

குண்டு பட்டு மரக்குண்டு நகர்ந்தால் அது ரூல்படி செல்லும். மூன்று பாயிண்ட்... பதிமூன்று! ஆனால் வலப்பக்கம் இருந்தது கொஞ்சூண்டு இடம். பிசகினால் எல்லாம் போச்சு.

"போடு" என்றேன்.

முட்டி மடக்கி, தாழ விட்டாள். குண்டு வேகமாக ஓடியது... கல்லில் பட்டு லேசாக வளைந்தது... யா அல்லா!

'டொக்' என்று ஒரு சத்தம். இரும்பில் மரம் பட்ட சத்தம்தான். மரக்குண்டு உருண்டு போய் எங்கள் மூன்று குண்டுகளுக்கு நடுவில் நின்றது.

நடுவர் டேப்பை வைத்து அளந்து முடிக்கும்வரை நாங்கள் மூச்சே விடவில்லை. பிறகு எங்கள் பக்கம் மூன்று விரலைக் காட்டினார். முத்து அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

சாயங்காலம் அவள் அம்மா பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். விரல் இடுக்கிலெல்லாம் வெள்ளி கலர் மருந்து. "நெசமாவே சீட்டு குடுப்பாகளா தாயி?" என்று என்னிடம்தான் கேட்டார். அப்புறம் மகளிடம், "திங்கக்கிழம நீ வர வேணாம். நான் போர்மேன்ட்ட சொல்லிக்கிறேன்" என்றார்.

மகள் படித்து முடிக்கும்வரை அந்த அம்மா மட்டும் மருந்து அடைக்கப் போனார்.

இப்போது முத்து சூலக்கரை பக்கம் ஒரு ஸ்கூலில் பி.டி. டீச்சர். நான் கடையில் பில் போடுகிறேன். சேர்ந்து விளையாடி எவ்வளவோ வருஷம் ஆகிவிட்டது.

அந்த நாட்களில் சிவகாசிப் பக்கம் பட்டாசு விபத்து என்று யாராவது சொன்னால், அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கும். இன்றும் அப்படி நியூஸ் வந்தால் கடையை அப்படியே விட்டுவிட்டு அவளுக்குத்தான் முதலில் போன் போடுவேன். போன வாரமும் போட்டேன். நான் கேட்பதற்கு முன்பே அவள் சொன்னாள்...

"அம்மா வீட்லதான்டி இருக்கு. சீரியல் பாக்குது."