களைக்குப் புல்லே கூலி

எங்கள் வீட்டுக்குப் பின்னால் நாலு சென்ட் இடம் இருக்கிறது. என் கணவர் அதைச் சும்மா கிடக்கிற இடம் என்பார், நான் தோட்டம் என்பேன். பார்க்கிறவர் கண்ணுக்கு அருகம்புல் மட்டும்தான் தெரியும். போன ஆடியில் அவர் கெடு வைத்துவிட்டார்.

"தை பொறக்கறதுக்குள்ள ஒரு கொழம்புக்காவது கத்திரிக்கா வரணும். இல்லன்னா சிமெண்ட் போட்டு கார் நிறுத்திடுவேன்."

வீம்புக்குச் சரி என்றேன். சங்கராபுரத்தில் நாற்று வாங்கி முப்பது கத்திரி நட்டேன். எனக்கு ஆபீஸ் கள்ளக்குறிச்சியில். காலையில் பஸ் பிடித்தால் திரும்பி வர இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் மண்வெட்டி. அருகம்புல்லைக் கொத்தினால் அது சாவதில்லை, ஒவ்வொரு துண்டும் தனிக்குடித்தனம் போய்விடுகிறது.

எங்களுக்குப் பால் ஊற்றுகிறவள் அடுத்த தெரு. ஒரே ஒரு பசு வைத்திருக்கிறாள். நான் படும் பாட்டைப் பார்த்துவிட்டு அவளாகத்தான் கேட்டாள்.

"கூலியெல்லாம் வேணாங்க்கா. வாரா வாரம் களைய நான் எடுத்துடறேன். புல்லு எனக்கு."

எங்கள் பக்கம் களையெடுக்கிறவர்கள் புல்லை மாட்டுக்குக் கட்டிக்கொண்டு போவது வழக்கம்தான். கும்பிடாத குறையாகச் சம்மதித்தேன். அன்று சாயங்காலம் வந்து பார்த்தால் தோட்டம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. நாலே நாளில் மறுபடி பச்சை. இப்படியே மூன்று மாதம். எருவைத் திட்டினேன், மழையைத் திட்டினேன், பக்கத்து மனைக்காரரைக்கூட மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். இதற்குள் முப்பது செடி ஒன்பதாகிவிட்டது.

ஒருநாள் தலைவலி என்று அரைநாள் லீவு போட்டுவிட்டு மத்தியானமே வந்தேன். அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அரிவாளால் புல்லைத் தரையோடு தரையாக அறுத்துக்கொண்டிருந்தாள். வேர் பக்கம் கையே போகவில்லை. அறுத்து முடித்ததும் எழுந்து போய் டியூபை எடுத்து, அறுத்த இடத்துக்கெல்லாம் தண்ணீர் விட்டாள்.

"ஏம்மா, இன்னா பண்ணிக்கினு இருக்க?"

"தண்ணி வுட்டாத்தாங்க்கா சீக்கிரம் தழையும்."

"வேரோட புடுங்க வேணாமா?"

ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். "வேரோட புடுங்கிட்டா அடுத்த வாரம் மாட்டுக்கு இன்னாக்கா போடறது?"

அரிவாளைப் பிடுங்கி வீசலாம் போல எனக்குக் கோபம் வந்தது. ஆனால் யாரைத் திட்டுவது? களையெடுக்கக் களையையே கூலியாகக் கொடுத்தவள் நான்தானே.

"ரோட்டோரம் பூரா பார்த்தீனியமா மண்டிக்கெடக்குதுக்கா," என்றாள். "ஏரிக்கரையிலயும் அதான். மாடு வாய் வெக்காது. தப்பித்தவறி தின்னுச்சின்னா பாலு கசக்கும். உங்க காப்பிக்குத்தான் சொல்றேன்."

கடைசியில் தோட்டத்தைப் பங்கு போட்டோம். வேலியோரம் பத்தடி அகலம் அவள் பசுவுக்கு. கத்திரி இருக்கும் பக்கம் வேரோடு எடுக்கவேண்டும், அதற்குத் தனியாகக் கூலி. கடப்பாரையை வாங்கிக்கொண்டு இரண்டே நாளில் ஒரு வேர் விடாமல் பொறுக்கித் தந்தாள். இவ்வளவு நன்றாகச் செய்யத் தெரிந்தவள் மூன்று மாதமாகச் செய்யவில்லையே என்று எனக்கு இன்னும் எரிச்சல்தான் வந்தது. இரண்டு பங்குக்கும் நடுவில் செங்கல் பதித்து, ஆபீஸ் கிளம்புமுன் தினமும் காவல் பார்த்தேன்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் அவர் அளவு டேப்போடு வந்தார். ஒன்பது செடியில் ஆறு காய் தொங்கியது. ஆறு போதும், ஒரு குழம்புக்குத் தாராளம். ஜெயித்துவிட்டேன் என்று இடுப்பில் கைவைத்து நின்றேன். அவர் காயைப் பார்க்கவே இல்லை. வேலியோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பசுவின் பங்கு, ஒரே மட்டமாக அறுத்து, தண்ணீர் விட்டு, பச்சைப் பசேலென்று இருந்தது.

"இது யாரு போட்டது? டவுன்ல காசு குடுத்து இந்த மாரி புல்லு போடறாங்க. இத தொடாத, அப்பிடியே இருக்கட்டும்," என்றார். பிறகு டேப்பின் முனையைக் கத்திரிச் செடிப் பக்கம் நீட்டினார். "சிமெண்ட்ட இங்க மட்டும் போட்டுக்கலாம்."

"அண்ணன் சொல்றதும் கரெக்டுதாங்க்கா," என்றாள் பால்காரி, வேலி மூலையில் மீதிப் புல்லை அறுப்பதை நிறுத்தாமல்.

ஆறு காயையும் பறித்துக்கொண்டு போய் எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்பு வைத்தேன். பால்காரிக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினேன். அவருக்கு ரசம்தான் ஊற்றினேன்.