ஏசி ஹாலுக்கு வெளியே ஒரு பெஞ்சு

பழவேற்காட்டுப் பெண் நஜ்மா, கும்மிடிப்பூண்டி பைபாஸ் ஓரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டாயிரத்து ஆறில் அங்கே நோயாளிகள் காத்திருக்கும் ஹாலுக்கு ஏசி வந்தது. உருக்காலைத் தூசி வராதபடி ஜன்னல்களைக் கண்ணாடி வைத்து அடைத்துவிட்டார்கள். குளுகுளுவென்றிருந்த அந்த ஹாலில் இருமுகிற ஆலைத் தொழிலாளிகளும் கர்ப்பிணிகளும் பக்கம் பக்கமாக உட்கார்ந்தார்கள். அடுத்த வருஷம் நஜ்மாவுக்கு இருமல் பிடித்தது. எடை குறைந்தது. சளியைச் சோதித்தபோது டிபி என்று தெரிந்தது.

அரசு ஆஸ்பத்திரி மாத்திரை சாப்பிட்டு, சளியில் கிருமி இல்லை என்று ஆன பிறகு வேலைக்குக் கிளம்பினாள். இறால் வியாபாரம் செய்யும் கணவன் நியாஸ் தடுத்தான். "அந்த வேலையே வாணாம், வுட்டுடு."

"நோயையும் வாங்கிக்கினு வேலையையும் வுட்டுட்டு வரணுமா?" என்று செருப்பை மாட்டினாள்.

ஆஸ்பத்திரியை நடத்திவந்த டாக்டர் ஆதிகேசவன் தன் அறைக்குக் கூப்பிட்டார். "யாராவது கேட்டா டைபாய்டுன்னு சொல்லும்மா. டிபின்னு தெரிஞ்சா கூட்டம் வராது."

"மூடின ஹால்ல எல்லாரும் ஒரே காத்தைத்தானே இழுக்குறோம் சார்? ஜன்னலைத் திறந்துடுங்க. இருமுறவங்களை வெளிய உக்கார வெச்சு முதல்ல பாத்து அனுப்புங்க."

அவருக்குத் தெரியாத விஷயமில்லை. "ஏசிக்காகத்தாம்மா இங்க வர்றாங்க" என்றார்.

மறுநாள் காலை நஜ்மா ஹாலிலிருந்து ஒரு பெஞ்சைத் தரதரவென்று இழுத்து போர்டிகோவில் போட்டாள். சிநேகிதி விக்டோரியா, அவளும் அங்கே நர்ஸ்தான், மறுமுனையைப் பிடித்தாள். இருமிக்கொண்டு வந்த தணிகாசலம் என்கிற ஆலைத் தொழிலாளிக்கு அந்த இடத்தைக் காட்டியதும் கோபம் வந்துவிட்டது.

"இன்னாம்மா, இருமுனா வெளியவா? நான் இன்னா தீண்டத்தகாதவனா?"

"எனக்கே டிபிதாண்ணே. மாத்திரை போட்டுக்கினு இருக்கேன்." ஹாலுக்குள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "உங்களை ஒதுக்கலை. காத்தோட்டமா உக்காருங்க, வாயை மூடி இருமுங்க. டாக்டர் உங்களைத்தான் முதல்ல பாப்பாரு."

உள்ளே வயிற்றைப் பிடித்தபடி ஒரு கர்ப்பிணி எழுந்து கேட்டாள்: "அப்ப இந்த ஜன்னலை யாரு தொறப்பாங்க?"

சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். முகம் சிவந்திருந்தது. "மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடு. இல்லன்னா ஊட்டுக்குப் போ."

"நான் தப்பு பண்ணலை சார். எழுதவும் மாட்டேன், போகவும் மாட்டேன்."

விக்டோரியா அவள் பக்கத்தில் வந்து நின்றாள். மற்ற நர்ஸ்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். தணிகாசலம் பெஞ்சில் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டு, "டாக்டரே, மொதல்ல என்னைப் பாருங்க" என்றான்.

எல்லா நர்ஸையும் அனுப்பிவிட்டு ஆஸ்பத்திரியை நடத்த முடியாதே. அந்த வாரமே கண்ணாடியைக் கழற்றி ஜன்னல்களைத் திறந்தார்கள். ஏசி டாக்டரின் அறைக்குப் போனது. தூசி வருகிறதென்று சிலர் முணுமுணுத்தார்கள். கூட்டமும் கொஞ்ச நாள் குறைந்து, மறுபடி சேர்ந்தது. டாக்டர் அதன் பிறகு நஜ்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவே இல்லை. அவளும் அதற்காகக் காத்திருக்கவில்லை. போர்டிகோவில் யாராவது இருமினால் முதல் ஆளாக எழுந்து போனாள்.